கோப்பிச் செடியின் பூச்சியும் பேராதனை துவெய்ட்ஸும்

பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறும் மலைத் தோட்டங்களில், பல லயங்களின் பின்புறம் இன்றைக்கும் இரண்டொரு கோப்பிச் செடிகள் நிற்கின்றன. வீட்டுக்கு வறுத்து இடிப்பதற்காக வைத்தவை. மழை விட்டு வெயில் ஏறும் காலையில், பக்கத்தில் பூத்திருக்கும் உண்ணிப்பூவுக்கோ இக்சோராவுக்கோ ஒரு பூச்சி வரும். பூவில் உட்காராது. அந்தரத்தில் நின்றபடியே நீண்ட குழலை நீட்டித் தேனை உறிஞ்சிவிட்டு, நாம் கண் இமைப்பதற்குள் அடுத்த பூவுக்குப் போய்விடும். பச்சை உடம்பு, இடுப்பில் செங்கபில நிறப் பட்டி, வாலில் கறுப்பு மயிர்க்குஞ்சம், கண்ணாடி போன்ற இறக்கை. பெரிய வண்டு என்பார்கள் சிலர். தேன்சிட்டுக் குஞ்சு என்றும் சொல்வதுண்டு. உண்மையில் அது ஓர் அந்துப்பூச்சி.

அந்துப்பூச்சி என்றால் இரவில் விளக்கைச் சுற்றுவது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். பகலில் பறப்பவையும் நிறைய உண்டு. இந்தப் பூச்சியை அடையாளம் காண்பது கடினமில்லை. வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் குமிழாக முடியும். இதன் கொம்போ தடித்துப்போய்ச் சிறு கொக்கியாக வளையும். இறக்கையில் கறுத்த நரம்புகளைத் தவிர மற்றதெல்லாம் ஊடுதெரியும். கூட்டிலிருந்து வெளிவரும்போது இறக்கை முழுவதும் சாம்பல் நிறச் செதில்கள் இருக்கும். முதல் பறப்பிலேயே அவை தூளாக உதிர்ந்துவிடும். இதே மாதிரி அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் இன்னொரு கூட்டமும் தோட்டங்களில் உண்டு. அவற்றின் இறக்கை ஊடுதெரியாது, கபில நிறமாக இருக்கும். கண்ணாடி இறக்கை உள்ளதன் விஞ்ஞானப் பெயர் செஃபோனோடெஸ் ஹைலாஸ்.

ஆனால் பறக்கும் பூச்சியை மட்டும் பார்த்தால் அதன் வாழிடம் தெரியாது. அதன் புழு எந்த இலையைத் தின்கிறது என்று தெரிய வேண்டும். இந்தத் தீவின் பூச்சிகளை அப்படிப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஒரு தாவரவியலாளர்: ஜோர்ஜ் ஹென்றி கென்ட்றிக் துவெய்ட்ஸ்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துக்காரர். கணக்கு எழுதுவதுதான் பிழைப்பு. மீதி நேரமெல்லாம் நுணுக்குக்காட்டியோடு போயிற்று. கண்ணுக்குத் தெரியாத டயட்டம்கள் விலங்குகள் அல்ல, பாசி இனம்தான் என்று நிறுவ உதவியவர்களில் அவரும் ஒருவர். 1849 இல் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளராக இலங்கைக்கு வந்தார். முப்பது வருடங்களுக்கு மேல் அந்த வேலையில் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1858 முதல் 1864 வரை இலங்கைத் தாவரங்களின் பட்டியலை இலத்தீனில் வெளியிட்டார். 1865 இல் லண்டன் றோயல் சொசைற்றி அவரை உறுப்பினராக்கியது. டார்வினுடனும் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். அவர் வெளிநாடுகளுக்கு அனுப்பிய காய்ந்த செடிகளில் சீ.பீ. என்ற எழுத்துகளோடு ஓர் எண் இருக்கும். காட்டுக்குள் போய் அதைப் பறித்து வந்தவர் யார் என்ற விபரம் பெரும்பாலும் இருக்காது. அந்தக் காலத்து விஞ்ஞானம் அப்படித்தான் கணக்கு வைத்தது.

படம் வரைந்தவர்களின் பெயராவது மிஞ்சியது. ஹார்மானிஸ் டி அல்விஸ் செனவிரத்ன பேராதனையின் சித்திரக்காரர். அவருக்குப் பிறகு மகன் வில்லியமும் இன்னொரு மகன் ஜோர்ஜும் அதே வேலையைச் செய்தார்கள். துவெய்ட்ஸ் புழுக்களைச் செடியோடு கொண்டுவரச் செய்தார். அவற்றை இலை போட்டு வளர்த்து, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்ற நிலைகளைச் சகோதரர்கள் வர்ணத்தில் வரைந்தார்கள். செத்த பூச்சியை ஊசியில் குத்தி வைத்து ஆராய்வதே வழக்கமாக இருந்த காலத்தில் இது பெரிய காரியம். என்னைக் கேட்டால், நூற்றுக்கணக்கான செடிகளுக்குப் பெயர் வைத்ததைவிட இதுதான் அவர் செய்த நல்ல வேலை. அரசாங்கச் செலவில், லண்டனிலிருந்த பிரெடெரிக் மூர் எழுதி, இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகள், அந்துப்பூச்சிகள் பற்றிய நூல் 1880 தொடக்கம் 1887 வரை மூன்று தொகுதிகளாக வந்தது. அதில் 215 வர்ணத் தகடுகள் உண்டு.

இதே துவெய்ட்ஸின் பெயர் மடுல்சீமையோடும் சேர்ந்திருக்கிறது. அது வேறு கதை.

1860களில் மடுல்சீமை புதிதாகக் காடு வெட்டிக் கோப்பி நட்ட பிரதேசம். 1869 மே மாதமளவில் அங்கே ஒரு தோட்டத்தில் சில செடிகளின் இலைக்கு அடிப்புறம் செம்மஞ்சள் தூள் படிந்தது. இலைகள் கொட்டின. மாதிரிகள் பேராதனைக்குப் போயின. அது ஒரு பூஞ்சணம் என்று கண்ட துவெய்ட்ஸ், இங்கிலாந்தில் பூஞ்சண ஆராய்ச்சியாளராக இருந்த பேர்க்லிக்கு அனுப்பினார். அவர் அதே வருடம் அதற்கு ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். இலைக்குள் புகுந்துவிட்ட பூஞ்சணத்துக்கு மருந்து இருக்கும் என்று துவெய்ட்ஸ் நம்பவில்லை. அதை மறைக்கவும் இல்லை. துரைமாருக்கு அது பிடிக்கவில்லை. மழையைக் குறை சொன்னார்கள், மண்ணைக் குறை சொன்னார்கள். கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்ததால் மேலும் காடு வெட்டினார்கள். 1870களின் கடைசியில் ஏறத்தாழ இரண்டே முக்கால் லட்சம் ஏக்கரில் கோப்பி நின்றது. 1861 இல் ஹக்கலையில் சிங்கோனா நாற்றுகளை வளர்த்து, இலவசமாகவே தருகிறேன் என்று துவெய்ட்ஸ் சொன்னபோது திரும்பிப் பார்க்காதவர்கள், கோப்பி விழ விழ அதற்காக ஓடி வந்தார்கள்.

கோப்பிக் காலத்தில் எங்கள் மூதாதையர் பெரும்பாலும் பருவத்துக்கு வந்து பருவத்துக்குத் திரும்பியவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடு வழியாக மாத்தளைக்கு நடந்து, ஊவாவுக்கு வர இன்னும் மலை ஏறியவர்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் செத்தவர்களுக்குச் சீ.பீ. எண்கூடக் கிடையாது. கோப்பி அழிந்து தேயிலை வந்தபோது வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்க ஆள் வேண்டியிருந்தது. அதனால் குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. மடுல்சீமையில் தொடங்கிய செம்மஞ்சள் தூளுக்கும் நாங்கள் இந்த மலையில் தங்கிப்போனதற்கும் அப்படி ஒரு தொடர்பு இருக்கிறது. பிறகு 1977 இலும் 1983 இலும் இதே தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்டவர்கள், முப்பாட்டன் நடந்து வந்த அந்தக் காட்டுப் பக்கமாகவே, வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். அங்கே அவர்களுக்கு நடந்தது வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கண்ணாடி இறக்கைப் பூச்சி எப்படித் தப்பியது? கோப்பி வெளியிலிருந்து வந்த செடி. ஆனால் அதன் குடும்பத்தைச் சேர்ந்த செடிகள் நம் காடுகளில் ஏற்கெனவே இருந்தன. அவற்றைத் தின்ற புழுவுக்குக் கோப்பி இலையும் ஒத்துக்கொண்டது. காடு போன இடத்தில் கோப்பி நின்றது. கோப்பியும் போன பிறகு, வேலியோரத்துச் செடிகளும் லயத்தின் பின்புறத்துக் கோப்பியும் அதற்குப் போதுமாயின. தேயிலையை அது தொடாது. தேயிலைக்கு என்றே பகலில் பறக்கும் வேறோர் அந்துப்பூச்சி உண்டு. இறக்கையில் நீலப்பச்சை மினுக்கம் இருக்கும். அதன் சிவந்த தடித்த புழுவைத் தொட்டால் கசப்பான நீரைக் கசியவிடும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

1873 இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து ஹூக்கர் எச்சரித்த பிறகு 5,000 அடிக்கு மேலுள்ள அரச காடுகளை விற்பது நிறுத்தப்பட்டது. மலை உச்சிகளில் இன்று மிஞ்சியிருக்கும் காடுகள் அதனால் தப்பியவை. மடுல்சீமைச் சரிவுகளில் பெரும்பகுதி அந்த உயரத்துக்குக் கீழே இருந்தது.

துவெய்ட்ஸ் 1880 இல் ஓய்வு பெற்றுக் கண்டிக்கு மேலே ஒரு வீட்டில் இருந்தார். 1882 செப்டெம்பர் 11 இல் இறந்தார். மூரின் முதல் தொகுதி அதற்குள் வந்துவிட்டது. பருந்து அந்துப்பூச்சிகள் உள்ள இரண்டாம் தொகுதி 1883 இல்தான் முடிந்தது. கோப்பித் தோட்டங்களும் அந்த வருடங்களில்தான் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்தன.

இந்தப் பூச்சியின் புழுவைத் தேடுகிறவர்கள் முதலில் கோப்பிச் செடியின் அடியில் பார்க்க வேண்டும். நிலத்தில் மிளகளவு எச்சம் கிடந்தால், நேர் மேலே உள்ள கிளையில் இலையின் நிறத்திலேயே ஒரு புழு இருக்கும். விரல் நீளம், வாலில் வளைந்த ஒரு கொம்பு. கொட்டாது, கடிக்காது. வளர்ந்து முடிந்ததும் கீழே இறங்கி உதிர்ந்த இலைகளுக்கிடையில் கூட்டுப்புழுவாகும். ஆகவே செடியின் அடியைக் கூட்டித் தீ வைக்கிற வீடுகளில் அடுத்த தலைமுறைப் பூச்சி வராது.