கணக்கில் புலி, காலேஜில் ஃபெயில்: ராமானுஜனின் ஸ்காலர்ஷிப் பறிபோனது ஏன்?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துட்டா ஏம்பலம், வில்லியனூர், பாகூர் பக்கம் பல வீடுகளில் ஒரே பேச்சுதான்: பிளஸ் ஒன்னில் எந்த குரூப் கிடைக்கும்? ஒரு பாடத்தில் கெட்டிக்காரப் பிள்ளை, இன்னொரு பாடத்தில் மார்க் குறைந்ததால் கேட்ட குரூப் கிடைக்காமல் நிற்பதும் உண்டு. 120 வருஷத்துக்கு முன்னாடி இப்படி ஒரு விதியில் மாட்டியவர்தான் கணித மேதை சீனிவாச ராமானுஜன்.

யார் இவர்?

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம். அப்பா துணிக்கடையில் கணக்கர். பள்ளியில் படிக்கும்போது ஜி.எஸ்.கார் தொகுத்த கணிதப் புத்தகம் கைக்கு வந்தது. சுமார் 5,000 சூத்திரங்கள், பெரும்பாலும் நிரூபணம் கிடையாது. ஒவ்வொன்றாகத் தானே போட்டுப் பார்க்க ஆரம்பித்தார்.

சிக்கல் எங்கே?

1904-ல் கும்பகோணம் அரசு கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். இப்போதைய பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரியான படிப்பு அது. கணக்கு மட்டும் போதாது. ஆங்கிலம், சமஸ்கிருதம், உடலியல், கிரேக்க ரோமானிய வரலாறு என எல்லாவற்றிலும் தேற வேண்டும். கணக்கிலேயே மூழ்கிக் கிடந்தவர் ஆங்கிலத்தில் கோட்டை விட்டார். ஸ்காலர்ஷிப் போச்சு. அம்மா கோமளத்தம்மாள் முறையிட்டும் பலனில்லை. 1905-ல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார்.

அடுத்த வருஷம் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே உடலியல் காலை வாரியது. 1906, 1907 என இரண்டு தடவையும் எஃப்.ஏ. தேறவில்லை. பட்டம் இல்லை, வேலையும் இல்லை. கையில் இருந்தது கணக்கு நோட்டுகள் மட்டும்தான்.

திருப்பம் எங்கே?

புதுச்சேரியிலிருந்து மேற்கே, விழுப்புரம் தாண்டினால் வரும் திருக்கோவிலூரில்தான். 1910-ல் அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி.ராமசாமி ஐயர். இந்திய கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். அவரிடம் ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிய ஐயர், இந்தத் திறமையை ஆபீஸ் வேலையில் முடக்கக் கூடாது என்று நினைத்து, சிபாரிசுக் கடிதங்களோடு சென்னைக்கு அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1912-ல் சென்னை துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் எல்லாவற்றையும் மாற்றியது. அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமே இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. எஃப்.ஏ. தேர்வில் அவரை ஃபெயிலாக்கியதும் இதே பல்கலைக்கழகம்தான். 1914-ல் கேம்பிரிட்ஜ் போனார். 1916-ல் ஆராய்ச்சிக்காக அங்கே பட்டம், 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் உறுப்பினர்.

இழந்தது என்ன?

1920 ஏப்ரல் 26-ல் இறந்தபோது வயது 32 மட்டுமே. கல்லூரியில் சேர்ந்த 1904 முதல் முதல் கட்டுரை வெளிவந்த 1911 வரை 7 வருஷம், வழிகாட்ட ஆளில்லாமலும் சாப்பாட்டுக்கே திண்டாடியும் கழிந்தது. எல்லாப் பாடமும் தேற வேண்டும் என்ற விதி அவருக்காக மாறவில்லை. மார்க் ஷீட்டைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்த சிலர்தான் கதவைத் திறந்தார்கள்.

இன்று அவர் பிறந்தநாள் தேசிய கணித தினம். கடைசி வரை அவர் எஃப்.ஏ. தேறவே இல்லை.