தமிழ்த் தாத்தாவின் வீட்டுக் கணக்கு

தலைப்பாகையும் நீண்ட அங்கியுமாகக் காட்சி தரும் டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்களின் படத்தை நம் மாணவச் செல்வங்கள் பாடநூல்களிலே கண்டிருப்பர். ஏட்டுச் சுவடிகளைத் தேடி அலைந்து சங்க நூல்களை அச்சேற்றிய பெரியார் என்ற அளவில் அவரை யாவரும் அறிவர். அவர் என்ன ஊதியம் பெற்றார், அதைக் கொண்டு எவ்வாறு குடும்பம் நடத்தினார் என்று எண்ணிப் பார்ப்போர் குறைவு. மாதம் முடியுமுன் பணம் முடிந்துவிடுகிறது என்னும் பேச்சு மொன்றியல் தமிழ் இல்லங்களிலே அடிக்கடி கேட்கும் பேச்சாகையால், இவ்வாண்டு மலரில் அவரது வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொண்டோம்.

ஐயரவர்கள் 1855ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் நாள் பிறந்தார். சொந்த ஊர் தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர் இசையிலும் இராமாயணக் கதை சொல்வதிலும் வல்லவர். கதை கேட்ட ஊரார் மனமுவந்து அளித்த நெல்லும் பொருளுமே அக்குடும்பத்தின் வருவாய். மழை பெய்தால் நெல் வரும். பொய்த்தால் கதை கேட்க வருவோரும் குறைவர். மகனுக்குத் தமிழ் கற்பிக்கத் தக்க ஆசிரியரைத் தேடி அரியலூர், குன்னம், செங்கணம் என ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார் அத்தந்தை. மூட்டை முடிச்சுடன் புது ஊரிற் போய் இறங்குவது எத்தகையது என்பதை நம் பெற்றோருக்கு விளக்க வேண்டியதில்லை.

1868இல், பதின்மூன்று வயதில், அக்கால வழக்கப்படி அவருக்குத் திருமணம் நடந்தது. திருமணத்தாலும் பிற செலவுகளாலும் குடும்பத்தின் மேற் கடன் ஏறியது. 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணவராகச் சேர்ந்து, தாம் விரும்பிய கல்வியைத் தேனாகப் பருகிக்கொண்டிருந்த இளைஞர், அக்கடனின் பொருட்டுப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டுக் காரை என்னும் ஊருக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே திருவிளையாடற் புராணம் பிரசங்கம் செய்து பொருள் ஈட்டினார். கடன் முதலிற் கேட்டது பணத்தையன்று, படிப்பை என்பதை நாம் கவனிக்க வேண்டும். இந்நகரிலே பூப்புனித நீராட்டு விழாவுக்கு மண்டபமும் படப்பிடிப்பும் கடனட்டையில் ஒழுங்குசெய்துவிட்டு, அதனை அடைக்கத் தந்தையார் இரண்டாம் வேலைக்குச் செல்லும் வீடுகளை அறிவோம். அவ்வீட்டுப் பிள்ளை தந்தையின் முகத்தைக் கிழமைக்கு எத்தனை முறை காண்கிறது?

ஆசிரியர் பிள்ளையவர்களின் நிலையும் மாணவருக்கு ஒரு பாடமாயிற்று. தலபுராணங்கள் பாடி அரங்கேற்றும்போது அவருக்குப் பெரும் பரிசில்கள் வந்தன. வந்த பொருள் மாணவர்க்கும் விருந்தினர்க்குமாகச் செலவாயிற்று. அடுத்த பரிசில் எப்போது வரும் என்பது எவர்க்கும் தெரியாது. அத்துணைப் பெரும் புலவர் 1876ஆம் ஆண்டு பெப்ரவரியில் மறைந்தபோது கடன் தீர்ந்திருக்கவில்லை. அவரைக் குறைகூறும் தகுதி நமக்கில்லை. ஆயினும் வருவாயின் அளவைவிட அதன் ஒழுங்கு பெரிது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று நாம் அறியோம்.

நான்கு ஆண்டுகள் சென்றன. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த தியாகராச செட்டியார், தாம் ஓய்வு பெற்றபோது அவ்விடத்துக்குச் சாமிநாதையரையே பரிந்துரைத்தார். 1880 பெப்ரவரியில் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் ஐம்பது ரூபா. ஆண்டுக்கு 600 ரூபா. கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு அது பெருந்தொகையன்று. ஆனால் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மாதந்தோறும் வருவது. தந்தையார், தாயார் சரஸ்வதி அம்மையார், மனைவியார் மதுராம்பிகை அம்மையார், பின்னர் குழந்தை, இவர்கள் அனைவரும் அவ்வூதியத்தை நம்பி ஒரு கூரையின் கீழ் வாழ்ந்தனர். ஊர் ஊராகச் சென்று பிறர் கொடுப்பதை எதிர்பார்த்திருந்த காலம் ஓய்ந்தது. திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவும் அவருக்கு இருந்தது. அதை மறைத்து இக்கணக்கைச் சொல்வது நேர்மையாகாது. அன்றாடம் அரிசி பருப்பை அளந்து உலை வைத்த அம்மையார்களைப் பற்றி வரலாறு பேசுவதோ மிகக் குறைவு. அக்குறை நமக்கும் உறுத்துகிறது.

அதே ஆண்டு ஒக்ரோபர் 21ஆம் நாள் கும்பகோணத்திலே சேலம் இராமசுவாமி முதலியார் என்னும் முன்சீப்பை ஐயர் சந்தித்தார். தாம் கற்ற நூல்களையெல்லாம் சொன்ன அவரிடம், சீவக சிந்தாமணியைக் கற்றதுண்டா என்று முதலியார் வினவினார். அவ்வினாவிலிருந்து அவர் வாழ்க்கை புதிய வழியிற் சென்றது. வீட்டுச் செலவுடன் சுவடி தேடும் பயணச் செலவும் சேர்ந்தது. கல்லூரி விடுமுறைகளிலே ஊர் ஊராகத் திரிந்தார். கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலுக்குச் சென்றபோது, அங்கிருந்த சுவடிகள் தீயில் இடப்பட்டுவிட்டன என்ற செய்தியே கிடைத்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த காலத்தைக் கண்ட தலைமுறையினராகிய நாம், அவ்விடத்தில் அவர் நெஞ்சு பட்ட பாட்டை நன்குணர்வோம்.

ஐம்பது ரூபா ஊதியத்திலிருந்து காகித விலையும் அச்சுக்கூலியும் கொடுப்பது இயலாத காரியம். ஆகவே நூலை வாங்க விரும்புவோரிடம் முன்கூட்டியே கையொப்பம் பெறும் முறையை மேற்கொண்டார். கையொப்பமிட்டோர் எல்லாரும் உரிய காலத்திற் பணம் அனுப்பிவிடவில்லை; கவலை நிறைந்த நாள்கள் பல. எனினும் சிந்தாமணி 1887இல் வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் தொடர்ந்தன. இவையனைத்தும் அவர் கும்பகோணத்தில் ஆசிரியராயிருந்த காலத்துப் பணிகள். பகலிற் பாடம், மாலையிற் சுவடி என்று அவர் உழைத்ததற்குக் காரணம், வாயிலில் நின்று அழைக்கும் கடன்காரன் இல்லாமையே என்று நாம் கருதுகிறோம். வசதி என்னும் சொல்லுக்கு அவ்வீட்டில் இருந்த பொருள் அதுவே.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாயிற்று. திருவேட்டீசுவரன்பேட்டை, பிள்ளையார் கோவில் தெருவில் மாதம் 20 ரூபா வாடகைக்கு ஒரு வீட்டிற் குடியேறினார். ஆண்டுக்கு 240 ரூபா வாடகைக்கே போயிற்று என்பதைச் சிறுவர்கள் பெருக்கிப் பார்க்கலாம். யூலை முதலாம் நாள் வந்தால் தளபாடங்களை வண்டியிலேற்றி வேறு வீடு தேடும் கியூபெக் மாகாணத்து வழக்கம் அவரிடம் இருக்கவில்லை. இருந்த வீட்டிலேயே இருந்து, காலம் வாய்த்தபோது அதனையே விலைக்கு வாங்கினார். தமக்கு வேலை தேடித் தந்த செட்டியாரை மறவாமல் அதற்குத் தியாகராச விலாசம் என்று பெயர் வைத்தார். 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டம் பெற்றார். 1919இல் ஓய்வு பெற்றார். 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது. இளமையில் அனுபவித்த வறுமையை அவர் ஒளிக்கவில்லை. ஆனந்த விகடனில் 1940 முதல் எழுதிவந்த 'என் சரித்திரம்' என்னும் நூலில் அதனை விரிவாகவே பதிந்துள்ளார். அந்நூலைப் பெற்றோர் வாங்கிப் பிள்ளைகளுடன் சேர்ந்து படிப்பார்களாக.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், சென்னைமேற் குண்டு விழும் என்ற அச்சத்தால் மக்கள் நகரை விட்டு வெளியேறினர். எண்பத்தேழு வயதில் ஐயரவர்களும் திருக்கழுக்குன்றத்துக்குக் குடிபெயர்ந்தார். தாம் காத்த சுவடிகளையும் புத்தகங்களையும் உடன் கொண்டுசென்றார். அவ்வாண்டு ஏப்ரல் 28ஆம் நாள் அங்கேயே காலமானார்.

மறு ஆண்டு உருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் முயற்சியால் அவர் பெயரில் ஒரு நூல்நிலையம் தோன்றியது. பிள்ளையார் கோவில் தெரு வீடு 2012இல் இடிக்கப்பட்டுவிட்டது. அவர் தேடிச் சேர்த்த சுவடிகள் சென்னை பெசன்ட் நகரிலுள்ள அந்நூல்நிலையத்தில் இன்றும் இருக்கின்றன.