ககனேந்திரநாத் தாகூர்

ககனேந்திரநாத் தாகூர் (1867 - 1938) கொல்கத்தாவைச் சேர்ந்த ஓவியரும் கேலிச்சித்திரக் கலைஞரும் ஆவார். இந்தியாவில் கியூபிசப் பாணியைக் கையாண்ட முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். அன்றாட வாழ்வின் அபத்தங்களை வெளிக்காட்டிய இவரது கேலிச்சித்திரங்கள் நவீன இந்திய ஓவியக்கலையில் தனியிடம் பெற்றவை.

வாழ்க்கைக் குறிப்பு

ஜோராசாங்கோவில் உள்ள தாகூர் குடும்ப இல்லத்தில் குணேந்திரநாத் தாகூரின் மகனாகப் பிறந்தார். கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் இவருக்குச் சிற்றப்பா முறையினர். ஓவியர் அபனீந்திரநாத் தாகூர் இவரது தம்பி. ஓவியர் சுனயனி தேவி இவரது தங்கை. 1907ஆம் ஆண்டில் கீழைத்தேயக் கலைக்கான இந்தியச் சங்கம் உருவானதில் சகோதரர்கள் இருவருக்கும் முக்கியப் பங்கு உண்டு.

தாக்கங்கள்

ஜப்பானிய அறிஞர் ஒககுரா ககுசோ 1902இல் கொல்கத்தா வந்தார். அவரைத் தொடர்ந்து யொகொயாமா தைக்கான் முதலிய ஜப்பானிய ஓவியர்களும் வந்தனர். அவர்களது தூரிகை முறையின் தாக்கம், இரவீந்திரநாத்தின் தன்வரலாறான ஜீவன்ஸ்மிருதி (1912) நூலுக்கு இவர் வரைந்த படங்களில் தெரிகிறது. 1920களில் கியூபிசத்தின் பக்கம் திரும்பினார். எனினும் அக்கோட்பாட்டை அப்படியே பின்பற்றாமல், ஒளியும் நிழலும் கலந்த கனவுலகைக் காட்டவே அதனைப் பயன்படுத்தினார். நாடக மேடையில் இவருக்கிருந்த ஈடுபாடும் இதற்கு ஒரு காரணமாகும்.

கேலிச்சித்திரங்கள்

விரூப் பஜ்ர (1917), அத்புத் லோக் (1917), நப ஹுல்லோட் (1921) ஆகியவை இவரது கேலிச்சித்திரத் தொகுப்புகள். இவை கல்லச்சு முறையில் அச்சிடப்பட்டன. அத்புத் லோக் என்பதற்கு விசித்திர உலகம் என்று பொருள். ஆனால் அவ்வுலகம் கற்பனையில் பிறந்ததன்று. வீடு, கல்லூரி, வீதி ஆகியவற்றில் அவர் நாள்தோறும் கண்டதே. ஆங்கிலேயரைப் போல உடுத்தி, வீட்டில் பழைய ஆசாரத்தை விடாத வங்காளக் கனவான்களை நகையாடினார். பல்கலைக்கழகத்தை ஓர் இயந்திர ஆலையாக வரைந்தார். மற்றொரு படத்தில் சாதி அமைப்பு ஒரு பெரிய திரிகைக் கல்லாக உள்ளது. மேலே அந்தணர் அமர்ந்திருக்க, அடியில் மக்கள் அரைபடுகின்றனர்.

செல்வமும் கல்வியும் மிக்க உயர்குடியில் பிறந்த இவர், தம் வகுப்பினரையே கேலிக்கு உள்ளாக்கினார். தம் குடும்பத்தின் பெருமையான இரவீந்திரநாத்தையும் விட்டுவைக்கவில்லை. ஆகவே இவரது நகைச்சுவை வெளியிலிருந்து செய்யப்பட்ட ஏளனமாக அன்றி, உள்ளிருந்து எழுந்த சமூக விமர்சனமாக அமைந்தது.

இறுதிக்காலம்

1930இல் பக்கவாதத்தால் தாக்கப்பட்டதால் இவரது ஓவியப் பணி நின்றது. 1938இல் காலமானார்.