தறி செய்த தச்சர் கார் செய்த கதை

ஜப்பானில் சில கார்கள் இருக்கின்றன. அந்த நாட்டைத் தவிர வேறு எங்கும் அவற்றைக் கடையில் புதிதாக வாங்க முடியாது.

ஹோண்டா கம்பெனியின் 'என்-பாக்ஸ்' அவற்றில் ஒன்று. பீரோவைச் சக்கரத்தின்மேல் ஏற்றி வைத்ததுபோல் உயரமாக இருக்கும். அதன் பின்கதவுகள் வெளிப்பக்கம் திறக்காது. பக்கவாட்டில் நகரும். குறுகிய சந்தில் நிறுத்தினாலும் சுவரில் இடிக்காமல் இறங்கலாம்.

டைஹாட்சு கம்பெனி 2007-ம் ஆண்டு கொண்டுவந்த 'டான்டோ' காரில் ஒரு பக்கம் நடுத்தூணே இல்லை. இரண்டு கதவையும் திறந்தால் அந்தப் பக்கம் முழுவதும் வாசலாகிவிடும். கைக்குழந்தையுடன் ஒரு தாய் சுலபமாக ஏறலாம்.

சுசுகி கம்பெனியின் 'லாபின்' முயலின் பெயர் கொண்ட கார். அதே கம்பெனி 2003-ம் ஆண்டு விற்ற 'ட்வின்' காரில் இரண்டு பேருக்குத்தான் இடம். நீளம் 2¾ மீட்டருக்கும் குறைவு. சுசுகியின் என்ஜினைப் பொருத்தி மஸ்டா கம்பெனி விற்ற 'ஏ.இசட்.-1' இன்னும் வேடிக்கையானது. 1992-ம் ஆண்டு வந்தது. அதன் கதவுகள் பறவையின் சிறகுபோல் மேல்நோக்கி விரியும்.

இந்தக் கார்களை 'கெய்' கார் என்று ஜப்பானியர் சொல்கிறார்கள். 'கெய்' என்றால் லேசானது என்று பொருள். இப்போதைய சட்டப்படி இவற்றின் நீளம் 3.4 மீட்டரைத் தாண்டக்கூடாது. அகலம் 1.48 மீட்டர். உயரம் 2 மீட்டர். என்ஜின் 660 சி.சி.க்குள் இருக்க வேண்டும்.

இத்தனை சின்ன அளவுக்குள் ஒரு குடும்பம் போகக்கூடிய காரைச் செய்து, தொடர்ந்து விற்றுக் காட்டிய முன்னோடி ஒருவர் உண்டு. அவர் என்ஜினீயர் படிப்புப் படித்தவர் அல்ல. தச்சு வேலை கற்றவர். கார் செய்தபோது அவருக்கு வயது 68.

அவர்தான் மிச்சியோ சுசுகி.

பருத்தி விவசாயியின் மகன்

மிச்சியோ 1887-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி பிறந்தார். ஊர், ஜப்பானின் ஹமமட்சு நகரை அடுத்த ஒரு கிராமம். அந்த வட்டாரத்தில் பருத்தி விளையும். வீட்டுக்கு வீடு தறி ஓடும். மிச்சியோவின் பெற்றோரும் பருத்தி விவசாயிகள். சிறுவன் மிச்சியோ பெற்றோருடன் வயலுக்குப் போய்ப் பஞ்சு எடுப்பான்.

14-வது வயதில் அவன் ஒரு தச்சரிடம் தொழில் பழகச் சேர்ந்தான். 7 ஆண்டு அவரிடமே இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

1904-ம் ஆண்டு ரஷியாவுக்கும் ஜப்பானுக்கும் போர் மூண்டது. வீடு கட்டுவோர் குறைந்தார்கள். தச்சருக்கு வேலை இல்லை. பிழைக்க வேண்டுமே! அவர் நெசவுத் தறி செய்யும் வேலைக்கு மாறினார். மிச்சியோவும் கூடவே மாறினான்.

போர் கெடுத்த வேலைதான் அவனுக்கு வாழ்நாள் தொழிலைக் கொடுத்தது.

தாய்க்கு ஒரு தறி

ஒப்பந்தம் முடிந்தபோது மிச்சியோவுக்கு 21 வயது. அடுத்த ஆண்டு, 1909 அக்டோபரில், சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பட்டுப்புழு வளர்த்த ஒரு பழைய கட்டிடத்தைப் பட்டறையாக மாற்றிக்கொண்டார்.

அங்கே அவர் செய்த முதல் தறி விற்பனைக்கு அல்ல. அது அவருடைய தாய்க்கு. காலால் மிதித்து ஓட்டும் மரத் தறி. பழைய தறியைவிடப் பல மடங்கு வேகமாக நெய்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்த்தார்கள். தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். இப்படித்தான் வியாபாரம் வளர்ந்தது.

தறியோடு மிச்சியோ நிற்கவில்லை. நெய்கிறவர்களுக்கு என்ன கஷ்டம் என்று கவனித்தார். கோடு போட்ட துணி நெய்ய வேண்டுமானால் ஒரே நிற நூல் போதாது. வேறு நிற நூலுள்ள நாடாவை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் கை ஓய்ந்துபோகும். நாடா வைக்கும் பெட்டியே மேலும் கீழும் நகரும்படி ஒரு அமைப்பைச் செய்தார். அதற்கு அரசாங்கப் பதிவு பெற்றார்.

அவர் வாழ்நாளில் பெற்ற இப்படிப்பட்ட உரிமைகள் 120-க்கு மேல்.

1920-ம் ஆண்டு மார்ச் மாதம் பட்டறை கம்பெனி ஆயிற்று. மூலதனம் 5 லட்சம் யென். 1930 வாக்கில் சாரோங் நெய்வதற்கென்றே ஒரு தறி செய்தார். சாரோங் என்பது நம் ஊர்க் கைலி போன்றது. தென்கிழக்கு ஆசிய நாடுகளில் ஆணும் பெண்ணும் கட்டுவது. கட்டம் போட்ட அந்தத் துணிக்கு ஏற்ற தறி கடல் தாண்டி விற்றது.

நல்ல சரக்கால் வந்த கவலை

தொழில் நன்றாக நடந்தது. ஆனால் மிச்சியோவுக்கு ஒரு கவலை.

அவர் செய்த தறிகள் உறுதியானவை. ஒரு முறை வாங்கினால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். வாங்கியவர் மறுபடி வாங்க வருவதில்லை. எல்லா ஊரிலும் தறி போய்ச் சேர்ந்துவிட்டால் பிறகு யாரிடம் விற்பது? தொழிலாளர்களுக்கு எப்படிச் சம்பளம் கொடுப்பது?

அப்போது ஜப்பானில் மோட்டார் வண்டி குறைவு. வரப்போகும் காலம் மோட்டாருக்குத்தான் என்று அவர் கணித்தார். அதே வட்டாரத்துத் தறி மேதை சகிச்சி டொயோடாவின் குடும்பமும் அந்தக் காலத்தில்தான் கார் தொழிலில் இறங்கியது.

மிச்சியோ இங்கிலாந்திலிருந்து வந்த 'ஆஸ்டின் செவன்' என்ற சிறிய கார் ஒன்றை வாங்கினார். ஊர் சுற்ற அல்ல. ஆராய்வதற்காக! 1937-ம் ஆண்டு வேலை தொடங்கியது. இரண்டே ஆண்டில் மாதிரிக் கார்கள் தயாராகிவிட்டன. என்ஜின் 800 சி.சி.க்கும் குறைவு. 13 குதிரைசக்தி.

மிச்சியோவுக்கு அப்போது 50 வயது கடந்துவிட்டது. கனவு கைக்கு எட்டிவிட்டது என்று தோன்றியது.

கையில் வந்தது கைநழுவியது

ஜப்பான் போரில் இறங்கியிருந்தது. மக்கள் ஏறிச் செல்லும் கார் அவசியப் பொருள் அல்ல என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. கார் வேலை நின்றது. தொழிற்சாலை போர்த் தளவாடம் செய்தது.

1944 டிசம்பரில் அந்தப் பகுதியைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. 1945-ல் ஹமமட்சு மீது குண்டுமாரி பொழிந்தது. போர் முடிந்தபோது மிச்சியோவுக்கு வயது 58. ஊர் இடிபாடாகக் கிடந்தது.

கம்பெனி விவசாயக் கருவிகள் முதலிய சில்லறைச் சாமான்கள் செய்து உயிர் பிழைத்தது. அமெரிக்காவிலிருந்து பஞ்சு வரத் தொடங்கியதும் தறிக்கு மீண்டும் கிராக்கி வந்தது. அதுவும் நிலைக்கவில்லை. 1950-ம் ஆண்டு தொழிலாளர் தகராறு. 1951-ல் பருத்தி விலை சரிந்தது. தறியைக் கேட்பார் இல்லை.

15 ஆண்டுக்கு முன்பு மிச்சியோ எதற்குப் பயந்தாரோ, அதுவே வந்துவிட்டது.

எதிர்காற்றில் பிறந்த யோசனை

ஜப்பானில் ஒரு வழக்கம் உண்டு. மருமகனைத் தத்து எடுத்து வாரிசாக்கிக்கொள்வார்கள். அவர் மாமனாரின் குடும்பப் பெயரை ஏற்றுக்கொள்வார். மிச்சியோவும் அப்படி ஷுன்சோ என்பவரை ஏற்றிருந்தார்.

ஷுன்சோவுக்கு மீன் பிடிப்பதில் விருப்பம். ஒரு நாள் தூண்டில் போட்டுவிட்டுச் சைக்கிளில் திரும்பினார். எதிர்காற்று பலமாக வீசியது. மிதிக்க முடியவில்லை. சைக்கிளில் ஒரு சின்ன என்ஜினை மாட்டினால் என்ன என்று தோன்றியது.

1952-ம் ஆண்டு ஜூன் மாதம் 'பவர் ஃப்ரீ' என்ற என்ஜின் சைக்கிள் வெளிவந்தது. என்ஜின் வெறும் 36 சி.சி. மூன்று விதமாக ஓட்டலாம். காலால் மட்டும் மிதிக்கலாம். என்ஜினை மட்டும் ஓடவிடலாம். இரண்டையும் சேர்த்தும் ஓட்டலாம். பஸ்ஸும் ரெயிலும் போதாத அந்தக் காலத்தில் மக்கள் அதை விரும்பி வாங்கினார்கள். அடுத்த ஆண்டு 60 சி.சி. வண்டி வந்தது. 1954-ல் மாதம் 6 ஆயிரம் வண்டிகள் செய்யும் நிலை ஏற்பட்டது. அந்த ஆண்டு ஜூன் மாதம் கம்பெனியின் பெயரிலும் 'மோட்டார்' சேர்ந்தது.

பணம் வந்ததும் மிச்சியோவின் மனம் பழைய இடத்துக்கே போயிற்று. கார்!

மலைப்பாதையில் பரீட்சை

சின்னக் கார்களுக்குத் தனி அளவுகளை ஜப்பான் அரசாங்கம் 1949-ம் ஆண்டே வகுத்திருந்தது. சிறிது சிறிதாக அதைத் தளர்த்தி, என்ஜினுக்கு 360 சி.சி. என்ற எல்லைக்கு வந்தது. 360 சி.சி. என்றால் இரண்டு சிறிய டம்ளர் தண்ணீர் பிடிக்கும் இடம். அதற்குள் எரியும் பெட்ரோல்தான் காரை இழுக்க வேண்டும். சிலர் முயன்றார்கள். கொஞ்சம் வண்டிகள் செய்ததோடு நின்றுபோனார்கள்.

சுசுகி கம்பெனியில் ஒரு சிறு குழு 1954 ஜனவரியில் வேலையைத் தொடங்கியது. ஐரோப்பியச் சின்னக் கார்களை வாங்கிப் பிரித்துப் பார்த்தார்கள். ஜெர்மனியின் 'லாயிட்' அவர்களுக்குப் பிடித்தது. காரணம், அதில் என்ஜின் முன்சக்கரங்களைச் சுழற்றியது. பின்சக்கரத்துக்கு நீண்ட தண்டு தேவை இல்லை. அந்த இடம் மனிதர் உட்கார மிச்சமாகும். சின்னக் காரில் ஒவ்வொரு அங்குலமும் பொன் அல்லவா?

மாதிரி வண்டிகள் தயாரானதும் டோக்கியோவுக்கு ஓட்டிப் போனார்கள். வழியில் ஹக்கோனே மலை. அப்போது அது கல்லும் மண்ணுமான பாதை. வண்டிகள் வழியில் பழுதாகின. இறங்கிச் சரிசெய்து மீண்டும் ஓட்டினார்கள். டோக்கியோவில் யனாசே என்ற பெரிய கார் வியாபாரி இரவு வெகுநேரம் காத்திருந்தார். அவரே ஓட்டிப் பார்த்தார். திருப்தி அடைந்தார்.

1955-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 'சுசுலைட்' கார் விற்பனைக்கு வந்தது. ஜப்பானில் தொடர்ந்து உற்பத்தியான கார்களில் முன்சக்கரத்தால் ஓடிய முதல் கார் அதுதான்.

விலை 4 லட்சத்து 20 ஆயிரம் யென். சாதாரணக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. முதலில் மாதம் மூன்று நான்கு கார்கள்தான் செய்தார்கள். 1956 பிப்ரவரியில் அது மாதம் 30 ஆயிற்று. மோட்டார் சைக்கிளில் வந்த லாபம் காரைத் தாங்கியது.

1957-ம் ஆண்டு மிச்சியோ தலைவர் பதவியை ஷுன்சோவிடம் ஒப்படைத்தார். அப்போது வயது 70.

ஏன் வெளியே வருவதில்லை?

மிச்சியோ காட்டிய வழியில் மற்றக் கம்பெனிகளும் இறங்கின. 1958-ல் 'சுபாரு 360' வந்தது. பிறகு மஸ்டா, ஹோண்டா, டைஹாட்சு என்று போட்டி வளர்ந்தது. என்ஜின் அளவு 1976-ல் 550 சி.சி. ஆயிற்று. 1990-ல் 660 சி.சி. ஆயிற்று.

இந்தக் கார்களுக்கு ஜப்பானில் வரி குறைவு. நெடுஞ்சாலைக் கட்டணமும் குறைவு. அங்கே கார் வாங்குகிறவர், நிறுத்த இடம் இருக்கிறது என்று சான்று காட்ட வேண்டும். பல கிராமங்களிலும் சிற்றூர்களிலும் சின்னக் காருக்கு அந்தச் சான்றும் வேண்டாம். அதனால் அங்கே விற்கும் புதிய கார்களில் சுமார் மூன்றில் ஒன்று இந்த வகைதான். பெரும்பாலும் மஞ்சள் நிற எண் பலகை மாட்டியிருக்கும். நம் நாட்டில் மஞ்சள் பலகை என்றால் வாடகை வண்டி. அங்கே அது சின்னக் காரின் அடையாளம்.

எல்லையைத் தாண்டினால் இந்தச் சலுகை எதுவும் இல்லை. வேறு நாட்டின் நீண்ட நெடுஞ்சாலைக்கு என்ஜினும் போதாது. சட்டை ஒருவர் அளவுக்குத் தைத்தது. மற்றவருக்குப் பொருந்தாது. அதனால்தான் அந்தக் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிலேயே பிறந்து, ஜப்பானிலேயே ஓடி முடிகின்றன.

ஆனால் ஒரு கிளை இந்தியாவுக்கு வந்தது.

1982-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி சுசுகி கம்பெனியும் மாருதி கம்பெனியும் ஒப்பந்தம் செய்தன. சுசுகியின் சின்னக் காரில் 796 சி.சி. என்ஜினைப் பொருத்தி இந்தியாவுக்கு ஏற்றதாக்கினார்கள். 1983 டிசம்பரில் அது 'மாருதி 800' என்று வெளிவந்தது. எத்தனையோ இந்தியக் குடும்பங்களுக்கு முதல் கார் அதுதான்.

அதை மிச்சியோ பார்க்கவில்லை. ஒப்பந்தம் ஆன அதே மாதம், அக்டோபர் 27-ந் தேதி, அவர் காலமானார். வயது 95.

வீட்டுக்கு ஏற்ற தறி. சந்துக்கு ஏற்ற கார். அவர் வாழ்நாளில் இந்த இரண்டையும் செய்தார். முதல் பட்டறையிலிருந்து முதல் கார் வரை வந்து சேர அவருக்கு 46 ஆண்டு பிடித்தது.