முத்துசாமி தீக்ஷிதரின் இல்லக் கல்வி

மணியோசை கேட்டு வகுப்பிற்கு வகுப்பு ஓடி, பாடத்திற்கொரு ஆசிரியரைப் பெற்று, ஆண்டுக்கு ஆண்டு தேர்வெழுதி வளர்ந்த நமக்கு, ஒருவர் தம் கல்வி முழுவதையும் வீட்டுத் திண்ணையிலேயே பெற்றார் என்றால் அது பழங்கதை போலத் தோன்றும். ஆயினும் தென்னாட்டு இசையுலகில் மும்மூர்த்திகள் எனப் போற்றப்பெறுவோருள் ஒருவராகிய முத்துசாமி தீக்ஷிதர் அங்ஙனம் கற்றவரே. தந்தையே ஆசானாகவும், தம்பியரே உடன் மாணவராகவும், இல்லமே கலைக்கழகமாகவும் அமைந்த இளமை அவருடையது. அவ்விளமைக் கல்வி எத்தகையது என்பதையும், அதன் பயன் திருத்தணிகை மலையில் எவ்வாறு வெளிப்பட்டது என்பதையும் இங்கு ஒருவாறு ஆராய்வோம்.

திருத்தணிகை, சென்னைக்கு வடமேற்கே, தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லையில் அமைந்த ஊர். முருகனுடைய படைவீடுகள் ஆறனுள் ஒன்றாகிய கோயில் அதன் குன்றின்மேல் விளங்குகிறது. ஆண்டின் நாள்களுக்கு ஒப்ப மலைப்படிகள் 365 என்பர். முன்னர்ச் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 1960-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு எல்லைக்குள் வந்தது. இவ்வூரை நினைக்கும்போது, 1888-இல் இங்குப் பிறந்து, வேலூரிலும் சென்னையிலும் மிஷன் கல்லூரிகளிற் பயின்று, பின்னர் நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த டாக்டர் இராதாகிருஷ்ணனே நம் மாணவர் பலருடைய நினைவிற்கு வருவார். அவர் கல்லூரி வளர்த்த அறிஞர். அவருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டிற்கு முன்னர் இம்மலைப்படிகளில் ஏறிய தீக்ஷிதரோ இல்லம் வளர்த்த அறிஞர்.

முத்துசாமி தீக்ஷிதர் திருவாரூரிற் பிறந்தார். பிறந்த ஆண்டு 1775 என்பர் பலர். 1776 என்பாரும் உளர். தந்தையார் இராமசாமி தீக்ஷிதர், தாயார் சுப்பம்மாள். இராமசாமி தீக்ஷிதர் 1735-இற் பிறந்தவர். அவர் இளமையில் இசைக்கல்வியை நாடித் தஞ்சையில் வீரபத்திரய்யரிடமும், பின்னர்த் திருவிடைமருதூரில் வேங்கட வைத்தியநாத தீக்ஷிதரிடமும் பயின்றார். பின்னவர், எழுபத்திரண்டு மேளங்களை வகுத்த வேங்கடமகியின் வழிவந்தவர். ஆகவே, வேங்கடமகியின் இசை மரபு இராமசாமி தீக்ஷிதர் வாயிலாக இக்குடும்பத்திற்குரிய செல்வமாயிற்று. அம்ஸத்வனி என்னும் இனிய இராகத்தை ஆக்கியவரும் அவரே. நூற்றெட்டு இராகங்களும் தாளங்களும் அமைந்த மாலிகை ஒன்றையும் அவர் இயற்றினார்.

இத்தகைய புலமை வாய்ந்த தந்தை தம் பிள்ளைகளைப் பிறரிடம் அனுப்பாமல் தாமே கற்பித்தார். முத்துசாமி, சின்னசாமி, பாலுசாமி என்னும் ஆண்மக்கள் மூவர். பாலாம்பாள் என்பவள் மகள். வேதம், வடமொழி இலக்கணம், காவியம், நாடகம், அணி நூல், வாய்ப்பாட்டு, வீணை ஆகியவற்றில் முத்துசாமி பதினாறு வயதளவிலேயே தேர்ச்சி பெற்றார் என்று கூறுவர். இங்கு நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. அவ்வில்லத்தில் இலக்கணமும் இசையும் இருவேறு பாடங்களாக நிற்கவில்லை. வடமொழியின் குறிலும் நெடிலும் கற்பித்த வாயே தாளத்தின் அளவையும் கற்பித்தது. ஒரே ஆசான் அனைத்தையும் கற்பிக்குமிடத்து ஒரு கலை மற்றொரு கலையோடு தானே உறவுகொள்ளும். தீக்ஷிதருடைய பாடல்களிற் சொல்லும் பண்ணும் பிரிக்கவொண்ணாதபடி இயைந்திருத்தலின் வேர் அத்திண்ணையிலே காணப்படும்.

அடுத்து, அக்குடும்பம் திருவாரூரினின்றும் சென்னைக்கு அண்மையிலுள்ள மணலிக்குக் குடிபெயர்ந்தது. மணலி முத்துகிருஷ்ண முதலியார், ஆங்கிலக் கும்பினியாரோடு தொடர்புடைய செல்வர். அவர் இராமசாமி தீக்ஷிதரின் புலமையைக் கண்டு தம் ஊருக்கு அழைத்து ஆதரித்தார். அவருக்குப்பின் அவர் மைந்தர் வேங்கடகிருஷ்ண முதலியாரும் அவ்வாறே போற்றினார். இவர் சகோதரர்களைச் சென்னைக் கோட்டைக்கு அழைத்துச் சென்று ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்கச் செய்தார். வேத ஒலியும் வீணை ஒலியும் கேட்டுப் பழகிய அச்செவிகள் அப்புதிய ஓசையை வெறுத்தொதுக்கவில்லை. முத்துசாமி அம்மெட்டுக்களிற் பலவற்றிற்கு வடமொழிச் சொற்களை அமைத்தார். நோட்டுஸ்வர சாகித்தியங்கள் எனப்படும் அவை ஏறத்தாழ நாற்பது. ஆங்கில நாட்டின் அரச வாழ்த்து மெட்டில் அமைந்ததும் அவற்றுள் ஒன்று. இளையவராகிய பாலுசாமி ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் பயின்று, அதனை நம் இசைக்கு ஏற்ற கருவியாக்கினார். இன்று நம் நாட்டுக் கச்சேரிகளிற் பக்கவாத்தியமாகப் பிடில் அமர்ந்திருத்தற்கு அவ்விளைஞர் ஆற்றிய தொண்டு பெரிது. தந்தை தமக்குத் தெரிந்தவற்றைக் கற்பித்தார். தமக்குத் தெரியாததற்கு வாயிலை அடைக்கவில்லை. இல்லக் கல்வி குறுகிய கல்வி என்பார்க்கு இதுவே தக்க விடையாகும்.

இனி, அத்தந்தைக்கு நேர்ந்த சோதனையைக் காண்போம். காசியினின்றும் சிதம்பரநாத யோகி என்னும் துறவி மணலிக்கு வந்தார். அவர் முத்துசாமியின் தகுதியை உணர்ந்து, அவரைத் தம்முடன் காசிக்கு அனுப்புமாறு வேண்டினார். அக்காலத்திற் காசிக்குச் செல்லுதல் எளிய செயலன்று. இருப்புப்பாதை இல்லை, சென்றவர் மீளுவர் என்னும் உறுதியும் இல்லை. தம் கையாலேயே எழுத்தறிவித்து, தம் மடியருகே அமர்த்தி வீணை பழக்கிய தலைமகனைப் பிரிய இராமசாமி தீக்ஷிதர் மனம் ஒருப்படாமல் தயங்கினார் என்றும், பின்னரே இசைந்தார் என்றும் கூறுவர். கற்பித்தல் அரிது, கற்பித்தபின் விடுத்தல் அதனினும் அரிது. தந்தையும் ஆசானும் வேறு வேறாக இருப்பின், ஆசான் விடைகொடுத்தனுப்புவான், தந்தை வரவேற்பான். இருவரும் ஒருவரேயாகிய இடத்து அவருடைய இழப்பு இரட்டிப்பாகும். அவ்விழப்பை அவர் ஏற்றார்.

காசியிற் சில ஆண்டுகள் யோகியுடன் வாழ்ந்த முத்துசாமி வேதாந்தமும் ஸ்ரீவித்தை வழிபாடும் கற்றார். வடநாட்டு இசையையும் செவியாரக் கேட்டு உணர்ந்தார். அதன் சாயல் பிற்காலத்து அவருடைய விளம்ப நடையிற் படிந்திருத்தலை இசைவாணர் எடுத்துக்காட்டுவர். யோகி காசியிலேயே சமாதியடைந்தார். முத்துசாமி தீக்ஷிதர் மணலிக்குத் திரும்பினார். பின்னர்த் திருத்தணிகைக்குச் சென்று முருகனை வழிபட்டுத் தவமிருந்தார். அங்கு முதியவர் ஒருவர் தோன்றி, வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டு ஒன்றை நாவில் இட்டு மறைந்தார் என்றும், அக்கணமே பாடல் பிறந்தது என்றும் அடியார் கூறுவர். அது முதல் அவருடைய பாடல்கள் குருகுஹ என்னும் முத்திரை பெற்றன.

அந்நிகழ்ச்சியை அவரவர் நம்பிக்கைக்கு ஏற்பக் கொள்க. மாணவராகிய நாம் கருதவேண்டியது அப்பாடலின் அமைப்பை. ஸ்ரீநாதாதி எனத் தொடங்கும் அம்முதற் கிருதி மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்தது. அஃது எவ்விராகம்? சரளி வரிசை தொடங்கும் சிறுவர் யாவரும் முதன்முதற் பாடும் இராகமே அது. அப்பாடல் முதல் வேற்றுமையில் அமைந்தது. அதனைத் தொடர்ந்து எஞ்சிய வேற்றுமைகளிலும் பாடித் தணிகைப் பாடல்களை எட்டாக நிறைவு செய்தார் என்பது மரபு. வேற்றுமைகளை அடைவே சொல்லுதல் வடமொழி பயிலும் இளஞ்சிறுவரின் தொடக்கப் பாடம். தமிழிலும் விளியோடு கூட்டி வேற்றுமை எட்டாதலை நாம் அறிவோம். ஆகவே, காசி வரை சென்று மீண்ட பெரும்புலவர், தம் முதற் படைப்பிற்கு எடுத்துக்கொண்டவை இரண்டு: தந்தை கற்பித்த முதல் இராகமும், தந்தை கற்பித்த முதல் இலக்கணமும். மலையுச்சியில் நின்று பாடியவரின் நாவில் மழலைப் பருவத்துப் பாடமே அமுதமாயிற்று. நாம் வெறும் மனப்பாடம் என்று இகழ்ந்து கடக்கும் வேற்றுமை வாய்பாடு ஒரு மேதையின் கையில் வழிபாடாயிற்று. திருவாரூர்த் தியாகேசரையும் கமலாம்பிகையையும் பாடியபோதும் அவர் அவ்வேற்றுமை வரிசையைக் கைவிடவில்லை.

எனினும், இல்லக் கல்வியின் குறையை மறைத்தல் நேர்மையாகாது. அக்கல்வி அவ்வில்லத்திற் பிறந்தார்க்கே கிட்டும். இராமசாமி தீக்ஷிதரைப் போன்ற தந்தையர் எத்துணைப் பேர்? வாயிலுக்கு வெளியே நின்ற பிள்ளைகளின் நிலை யாது? மைந்தர் மூவரையும் விரித்துக் கூறும் வரலாறுகள் மகள் பாலாம்பாளைப் பற்றிப் பெரிதும் பேசா என்பதையும் நாம் மறத்தலாகாது. குலமும் பாலும் கருதாது வாயிலைத் திறந்துவைத்த பள்ளிகளும் கல்லூரிகளும் தோன்றியிராவிடின், இவ்விதழைப் படிப்போருட் பலர் இதனைப் படிக்கும் நிலையையே எய்தியிரார். இக்குறையைத் தீக்ஷிதரும் உணர்ந்தார் போலும். தாம் பெற்ற செல்வத்தை அவர் தம் குலத்தளவில் அடக்கவில்லை. தஞ்சை நால்வர் எனப் புகழ்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோரும், திருவாரூர்க் கோயிலில் மத்தளம் முழக்கிய தம்பியப்பனும் அவருடைய மாணவர். தந்தை மக்களுக்குக் கற்பித்ததை, அவர் மக்களல்லாதார்க்கும் தந்தையாகி நின்று கற்பித்தார்.

இராமசாமி தீக்ஷிதர் 1817-இல் மறைந்தார். ஆசான் மறைந்த பின்னரும் உடன் பயின்றோரின் பாசம் குறையவில்லை. தம்பியர் இருவரும் தென்பாண்டி நாட்டிற்குச் சென்றனர். சின்னசாமி 1823-இல் மதுரையிற் காலமானார். தம்பியரைத் தேடிப் புறப்பட்ட தீக்ஷிதர் மதுரையை அடைந்து, ஒருவர் இறந்தமையையும் மற்றவர் எட்டயபுரம் சென்றமையையும் கேட்டு, அங்கே சென்று பாலுசாமியைக் கண்டார். எட்டயபுரத்திலேயே 1835-ஆம் ஆண்டு தீபாவளி நாளில், மாணவர் பாடக் கேட்டுக்கொண்டே உயிர் நீத்தார். அவருடைய சமாதி அங்கு உள்ளது.

அவ்வில்லத்துக் கல்வி அவரோடு முடியவில்லை. பாலுசாமி தம் மகள் வயிற்றுப் பேரரான சுப்பராமரைச் சுவீகாரம் கொண்டு தாமே கற்பித்தார். 1839-இற் பிறந்த அச்சுப்பராம தீக்ஷிதரே 1904-ஆம் ஆண்டில் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் பெருநூலைத் தெலுங்கெழுத்தில் எட்டயபுரத்தில் வெளியிட்டு, முத்துசாமி தீக்ஷிதரின் கிருதிகள் 229-ஐ ஸ்வரக் குறிப்புடன் காத்தளித்தார். குடும்பச் செல்வத்தைப் பிறர் காண அச்சேற்றுமாறு அவரை இடைவிடாது வேண்டியவர் சின்னசாமி முதலியார் என்னும் கிறிஸ்தவ அன்பர். அவர் நம் இசையை ஐரோப்பிய இசைக்குறிப்பில் எழுதி வெளியிடுவதற்காகத் தம் பொருளையும் உடல்நலத்தையும் செலவிட்டவர். இல்லத்துள் மூன்று தலைமுறை காத்த செல்வம், சமயத்தால் வேறான ஒருவருடைய வேண்டுகோளால் உலகிற்கு உரியதாயிற்று. இது நம்மனோர்க்குப் பெருமகிழ்ச்சி தருவதொன்று.

இல்லம் ஆழத்தைத் தரும். கல்லூரி அகலத்தைத் தரும். தீக்ஷிதர் இரண்டையும் பெற்றார்; கல்லூரி இல்லாத குறையைக் கோட்டையும் காசியும் நிறைத்தன. கல்லூரியிற் பயிலும் நாம் இல்லத்திற் கற்றவற்றை என் செய்கின்றோம்? அன்னை சொல்லித் தந்த கதையும், தந்தை திருத்திய எழுத்தும், விடுமுறையிற் பாட்டனார் உரைத்த பழமொழியும் தேர்விற்கு வாரா என்று மறந்துவிடலாகாது. என்றேனும் ஒருநாள் நம் வாழ்விலும் ஒரு மலையேறும் வேளை வரும். அப்பொழுது நம் நாவில் முதலில் எழுவது அத்திண்ணைப் பாடமாகவே இருக்கக்கூடும்.