குகையைத் தோண்டிய பூட் துரை

பழனிக்குப் பக்கத்தில் உள்ள கீரனூரில் ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால் மானாவாரிக் காடு காய்ந்துவிடும். தாத்தா காலத்து மழையைத் தாத்தா சொல்வார். மனிதன் எழுதக் கற்பதற்கு முந்தைய மழையைப் பற்றி யார் சொல்வது? மலைக் குகைகள் சொல்லும். தென்னாட்டில் அப்படிப்பட்ட குகைகளைத் தோண்டியவர்களில் முக்கியமானவர் ராபர்ட் புரூஸ் பூட்.

அவர் 1834-ல் இங்கிலாந்தில் பிறந்தார். 1858-ல், 24-வது வயதில், பாறைகளை ஆராயும் சர்க்கார் இலாகாவில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். காட்டுக்குப் போன துரைகள் பலர் புலி சுட்டார்கள். இவர் கல் பொறுக்கினார். 1863 மே 30-ந் தேதி பல்லாவரத்தில் சரளை மண்ணில் ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. ஆதி மனிதன் செதுக்கிய கற்கோடரி! இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்ததை உலகம் அறிந்தது அதன் பிறகுதான்.

அந்த மனிதனின் அடையாளம் குகைகளிலும் கிடைக்குமா? இப்போது ஆந்திராவில் இருக்கும் கர்நூல் சீமையில் பில்லா சுர்கம் என்ற சுண்ணாம்புக் குகைகள் உண்டு. அங்கே பழைய எலும்புகள் இருப்பதை நியூபோல்டு என்ற ராணுவ அதிகாரி 1844-லேயே எழுதியிருந்தார். 40 வருஷம் கழித்துப் பூட் அங்கே போனார். பட்டாளத்தில் அதிகாரியாக இருந்த அவர் மகன் ஹென்றி தோண்டும் வேலையைத் தொடர்ந்து நடத்தினார்.

ஏராளமான எலும்புகள் கிடைத்தன. அவற்றில் காண்டாமிருகத்தின் எலும்பும் இருந்தது! கர்நூல் வறண்ட சீமை. அங்கே காண்டாமிருகம் வாழ்ந்தது என்றால் புல்லும் தண்ணீரும் இருந்திருக்க வேண்டும். அந்தச் சீமை எல்லாக் காலத்திலும் இப்படியே இருந்ததில்லை.

ஆனால் குகையிலே இன்னொரு சாட்சியும் உண்டு. கூரையிலிருந்து சொட்டும் நீர் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுவரும். அது உறைந்து உறைந்து, விழுது போலத் தொங்கும். தரையிலும் தூணாக எழும்பும். அந்தக் கல்லில் படலம் மேல் படலமாக, மழை கூடிய காலமும் குறைந்த காலமும் பதிந்திருக்கும். அதிலுள்ள துளி யுரேனியத்தை அளந்து படலத்தின் வயதைக் கணக்கிடலாம். பூட் காலத்தில் இந்த வித்தை கிடையாது. கல்லையே படித்துப் பழகிய அவருக்கு இந்தக் கல் பேசாமலே இருந்துவிட்டது.

பிற்காலத்தார் அதைப் பேச வைத்தார்கள். மேகாலயாவில் மாம்லூ குகைக் கல் ஒன்று, சுமார் 4,200 வருஷங்களுக்கு முன் பருவமழை குன்றிப்போனதைக் காட்டிக்கொடுத்தது. அப்போது தொடங்கிய காலத்துக்கு 2018-ல் மேகாலயக் காலம் என்றே விஞ்ஞானிகள் பெயர் வைத்தார்கள்.

பூட் 1891-ல் அந்த இலாகாவை விட்டார். ஆனாலும் கல் பொறுக்குவதை விடவில்லை. ஆயுள் முழுக்கச் சேர்த்ததைச் சென்னை மியூசியம் 1904-ல் விலைக்கு வாங்கிற்று. 1912-ல் அவர் காலமானார். ஏற்காட்டு மாதா கோயில் தோட்டத்தில் அவர் நினைவுக் கல் இருக்கிறது.