தட்டில் ஏறாத பழநி!

ஊத்துக்குளி கதித்தமலை வேலவனுக்குக் கிருத்திகை விரதம் இருக்கும் சகோதரிகளே... நம் கொங்கு மண்ணின் 'கோயம்புத்தூர் தாயி'யைத் தெரியுமா?

1872-ல் பிறந்த அவரது இயற்பெயர் பழநிக்குஞ்சரம்! தேவதாசி மரபில் வந்தவர். சிறு வயதில் சலங்கை கட்டி ஆடியவருக்கு, பிறகு பாட்டே கதி என்றானது. கிராமபோன் புதிதாக வந்த காலம். பெரிய வித்வான்களே பாடத் தயங்க, இவர் துணிந்து பாடினார். ஆனால், இசைத்தட்டுகளில் அச்சானது 'தாயி' என்றுதான். பழநியாண்டவர் பெயர் தட்டில் ஏறவே இல்லை. நமக்கே மனசு அடித்துக்கொள்கிறது!

அந்தக் குரல் கடல் கடந்தது. பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாஜ் அதில் உருகி, 'ராகமாலிகா' என்ற பெயரிலேயே ஒரு பாடலை அமைத்தார். தாள வாத்திய ஒலி கிடைக்க, பியானோ தந்திக்கு அடியில் அட்டையைச் செருகச் சொன்னார்!

தாயி 1917-ல், தமது 45-வது வயதில் மறைந்தார்.